பெட்டி வந்துவிட்டதா?

செட்டிநாட்டுக்காரர்களுக்கு அனுப்புவதும் பெறுவதும் புதிதல்ல. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்கப் போன ஆண்கள் அங்கிருந்து பணம் அனுப்பினார்கள். தேக்கு மரம் அனுப்பினார்கள். வீட்டிலிருந்த பெண்கள் இங்கிருந்து தேன்குழலும் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் தகர டின்னில் அடைத்து, மேலே துணி தைத்து, அரக்கு வைத்து அனுப்பினார்கள். நொறுங்காமல் போய்ச் சேர வேண்டுமே என்று டின்னைக் கட்டும்போதே பிள்ளையார்பட்டிப் பிள்ளையாருக்கு ஒரு வேண்டுதலும் உண்டு.

ஆனால், நேயர்களே, ஒரு சினிமாப் படத்தை யாருக்காவது அனுப்பியிருக்கிறீர்களா?

"அதென்ன பிரமாதம்? கைப்பேசியில் ஒரு தட்டுத் தட்டினால் போயிற்று" என்று உங்கள் வீட்டுப் பேரன் சொல்வான். அவன் சொல்வது பாதி உண்மை. மிச்சப் பாதியைப் பற்றி இன்று உங்களோடு பேசலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

★

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு. "பெட்டி வந்துவிட்டதா?" என்று கேட்பார்கள். பெண் வீட்டுச் சீர்ப் பெட்டியல்ல, படப்பெட்டி. கொட்டகையில் புதுப் படம் என்று சுவரொட்டி ஒட்டியிருப்பான். மாட்டு வண்டியில் தமுக்கு அடித்துக்கொண்டு நோட்டீசும் வீசியிருப்பான். ஆனால் ரயிலில் வரவேண்டிய தகரப் பெட்டி வந்து சேராவிட்டால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது. மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்திருந்த சனங்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போக வேண்டியதுதான்.

படம் என்றால் அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய சரக்கு, தெரியுமா? படச்சுருள் இயந்திரத்தில் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடிச் சுருள் ஒன்று பதினோரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். மூன்று மணி நேரப் படத்துக்கு 16,000 அடிக்குமேல் வேண்டும். அதை அப்படியே பிரித்துத் தரையில் விரித்தால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். காரைக்குடியில் ஆரம்பித்தால் கோட்டையூரை நெருங்கிவிடலாம்! எடையோ நாற்பது கிலோவுக்குக் குறையாது. ஒரே பிரதியை வைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இரண்டு கொட்டகைக்காரர்கள் படம் ஓட்டுவதும் உண்டு. இங்கே ஓடி முடிந்த சுருளை ஒரு சைக்கிள்காரர் மூச்சிரைக்க அங்கே கொண்டு போவார். வழியில் அவருடைய டயர் பஞ்சரானால் கதாநாயகிக்குக் கல்யாணம் நடக்காது.

இந்தச் சரக்கைத் தபாலில் அனுப்ப முடியாததற்கு எடை மட்டும் காரணமல்ல. பழைய படச்சுருள் நைட்ரேட் என்ற பொருளால் ஆனது. தீப்பற்றினால் அணைப்பது மகா கஷ்டம். எரிவதற்கு வேண்டிய பிராணவாயு அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். அபாயகரமான பொருளைத் தபாலில் அனுப்பக் கூடாது என்று 1898-ஆம் வருஷத்துத் தபால் சட்டமே சொல்லியது. 1950-களின் தொடக்கத்தில்தான் எளிதில் தீப்பற்றாத சுருள் எங்கும் பரவியது. அதுவரை சினிமா என்பது கிட்டத்தட்டப் பட்டாசுப் பெட்டி மாதிரிதான்.

எங்கள் ஊர் படம் பெறுகிற ஊராக மட்டும் இருந்துவிடவில்லை. காரைக்குடியில் பிறந்த ஏ. வி. மெய்யப்பன் அவர்கள் 1940-களில் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ அமைத்து 'நாம் இருவர்' படத்தை எடுத்தார். 1947 பொங்கலுக்கு அது தமிழ்நாடெங்கும் போயிற்று. அடுத்த வருஷம் 'வேதாள உலகம்'. பிறகு 1948-இல் ஸ்டூடியோ கோடம்பாக்கத்துக்குப் பெயர்ந்தது. இங்கேயே இருந்திருந்தால் கோடம்பாக்கத்துக்கு வந்த பெயர் தேவகோட்டை ரஸ்தாவுக்கு வந்திருக்கும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வெற்றிலை போடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

★

கோட்டையூர் என்றேன் அல்லவா? அந்த ஊர்க்காரர் ஒருவரை இங்கே சொல்லாமல் தாண்டிப் போக முடியாது. ஏ. கே. செட்டியார், 1911-இல் பிறந்தவர், 'குமரி மலர்' பத்திரிகை நடத்தியவர்.

1937 அக்டோபர் 2-ஆம் தேதி. நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். அன்று காந்திஜியின் பிறந்த நாள். மகாத்மாவைப் பற்றி ஒரு முழுப் படம் எடுத்தால் என்ன என்று நடுக்கடலில் அவருக்குத் தோன்றியது. வயது இருபத்தைந்து. கையில் பெரிய முதல் இல்லை. ஆனால் காந்திஜியைப் பல வருஷங்களாகப் பல தேசத்துப் படக்காரர்கள் துண்டு துண்டாகப் படம் பிடித்திருந்தார்கள். அந்தத் துண்டுகள் உலகமெங்கும் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடி ஒரு லட்சம் மைல் அலைந்தார். 50,000 அடிப் படத்தைச் சேர்த்தார். நம் கணக்கில் சொன்னால், காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் வரை விரிக்கலாம்! அதை வெட்டி ஒட்டித் தமிழ் விளக்கத்தோடு 1940 ஆகஸ்டில் சென்னையில் வெளியிட்டார். வெள்ளைக்காரன் ஆட்சி, யுத்த காலம். காந்தி படத்தை ஓட்டுவதற்குக் கொட்டகைக்காரர்களும் பயந்த நாட்கள். 1953-இல் அமெரிக்காவில் அதற்கு ஓர் ஆங்கில வடிவம் வந்தது.

அதற்குப் பின் நடந்ததுதான் வருத்தம். தமிழ்ப் படத்தின் பிரதி இருக்கிற இடம் தெரியாமல் போயிற்று. 1983-இல் செட்டியாரும் காலமானார். இந்த நூற்றாண்டில்தான் வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி, ஆங்கில வடிவத்தின் பிரதி ஒன்று அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருப்பதைக் கண்டுபிடித்தார்.

பாருங்கள், உலகமெல்லாம் போய்ச் சேகரித்து வந்த படம் சொந்த ஊரில் நிலைக்கவில்லை. எங்கோ கடலுக்கு அப்பால் அனுப்பி வைத்த ஒரு பிரதி நிலைத்தது. இதை நான் முதலில் படித்தபோது எனக்கு என் வீட்டு ஞாபகம் வந்தது. காரணம் சொல்கிறேன்.

★

1980-களில் வீடியோ கேசட் வந்தது. நாற்பது கிலோப் பெட்டி கையகலத்துக்குச் சுருங்கிப்போயிற்று! இனிமேல் படத்தைத் தபாலில் போடலாம். கல்யாணம், காதுகுத்து, புதுமனை என்று எது நடந்தாலும் தலையில் விளக்கைத் தூக்கிக்கொண்டு வீடியோக்காரர் வந்துவிடுவார். விளக்குச் சூட்டில் மணப்பெண்ணின் பொட்டுக் கரையும். பந்தியில் நாம் வாயைத் திறக்கிற சமயம் பார்த்துத்தான் படம் பிடிப்பார். ஆனாலும் அவர் இல்லாவிட்டால், கடல் கடந்து போன பிள்ளைகளுக்கு இங்கே நடந்தது எப்படித் தெரியும்?

அதிலும் ஒரு சங்கடம் இருந்தது. நம் நாட்டில் வீடியோவுக்கு 'பால்' என்ற முறை, அமெரிக்காவில் 'என்.டி.எஸ்.சி.' என்று வேறொரு முறை. இங்கே பதிந்த கேசட்டை அங்குள்ள சாதாரணக் கருவியில் போட்டால் கோடு கோடாக ஓடுமே தவிர, மாப்பிள்ளை முகம் தெரியாது. நியூஜெர்சியில் இருந்த பிள்ளைக்குத் தங்கை கல்யாணத்தை அனுப்பிவிட்டு, "மழை பெய்கிறமாதிரி தெரிகிறதாம்" என்று விழித்த தாய்மார் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். மலேசியா, சிங்கப்பூர், இலங்கைக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கும் 'பால்'தான்.

என் ஆச்சி, அதாவது என் மூத்த சகோதரி, இருந்தது மலேசியாவில் ஈப்போ நகரில். 1977-இல் கல்யாணமாகி 'எம். வி. சிதம்பரம்' கப்பலேறிப் போனவள். 1986-இல் அப்பச்சிக்கு அறுபது பூர்த்தியாயிற்று. சாந்திக் கல்யாணம் ஏற்பாடாயிற்று. ஆச்சி அப்போது எட்டு மாதம், வர முடியவில்லை. ஆத்தாளுக்கு அந்தக் குறை பெரிது. அப்பச்சி வெளியே காட்டிக்கொள்ளவில்லை. வீடியோக்காரரிடம் மட்டும் எல்லாவற்றையும் விடாமல் எடுக்கச் சொன்னார்கள். இரண்டு கேசட், ஆறு மணி நேரம். ஒரு பிரதி வீட்டுக்கு. ஒரு பிரதி ஈப்போவுக்கு.

ஈப்போவுக்கு அனுப்பியது போய்ச் சேரவில்லை. யார் மூலம் அனுப்பினோம், எங்கே தவறிற்று என்பதையெல்லாம் இப்போது பேசிப் பயனில்லை. விசாரித்தோம், பதில் இல்லை, அதோடு விட்டது. ஆனால் ஆச்சியின் மனசில் அது விடவில்லை. "வருஷா வருஷம் தேன்குழல் நொறுங்காம வருது. கேசட் மட்டும் எப்படித் தொலையும்? அனுப்பியிருந்தால்தானே வரும்" என்று எழுதினாள். தம்பி வீட்டில் எல்லாரும் பார்த்தாயிற்று, அயித்தை வீட்டில் பார்த்தாயிற்று, தான் மட்டும் வேண்டாதவளாகிவிட்டோம் என்று நினைத்துவிட்டாள்.

அப்பச்சி பதிலுக்கு ஒரே வரி எழுதினார்கள், "அனுப்பினேன்" என்று. இன்னொரு தரம் சொல்லும் வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. அதன்பின் ஆச்சி இரண்டு மூன்று தடவை ஊருக்கு வந்தாள். "வீட்டுப் பிரதி இருக்கிறது, கருவி வாடகைக்கு எடுத்துப் போட்டுக் காட்டட்டுமா?" என்று கேட்டால், "எனக்கென்று வராததை நான் ஏன் பார்க்க வேணும்?" என்று முகப்பில் போய் உட்கார்ந்துகொள்வாள். 1993-இல் அப்பச்சி போனார்கள். 2004-இல் ஆத்தாளும் போனாள். கேசட் இரண்டும் இரண்டாங் கட்டு அலமாரியில் கிடந்தன.

★

அதற்குள் உலகம் எங்கேயோ போய்விட்டது. அமெரிக்காவில் ஒரு கம்பெனி 1998-இல் படத்தட்டுகளைத் தபாலில் வாடகைக்கு அனுப்ப ஆரம்பித்தது. முதலில் போனது 'பீட்டில்ஜூஸ்' என்ற படமாம். சிவப்பு உறையில் தட்டு வரும். பார்த்துவிட்டு அதே தபாலில் திருப்பி அனுப்பிவிடலாம். அந்தக் கம்பெனிதான் நெட்பிளிக்ஸ். இருபத்தைந்து வருஷத்தில் 500 கோடித் தட்டுகளுக்கு மேல் அனுப்பிவிட்டு, 2023 செப்டம்பர் 29-ஆம் தேதி கடைசித் தட்டோடு அந்தச் சேவையை நிறுத்தியது. கடைசியாகப் போன தட்டுகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வாடிக்கைக்காரர்களிடமே விட்டுவிட்டதாம். கல்யாண வீட்டுத் தாம்பூலப்பை மாதிரி!

நம் சினிமாக் கொட்டகையிலும் சுருள் போய்விட்டது. இப்போது படம் வன்தட்டிலோ செயற்கைக்கோள் மூலமோ வருகிறது. வந்தாலும் பூட்டித்தான் வருகிறது. இன்ன கொட்டகையில், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை என்று எழுதிய ஒரு மின் சாவி தனியாக வரவேண்டும். அது வராவிட்டால் படம் கையிலிருந்தும் ஓட்ட முடியாது. இரும்புப் பெட்டியை மருமகளிடமும் சாவியை மாமியார் இடுப்பிலும் வைத்திருந்த எங்கள் ஊருக்கு இது புரியாத ஏற்பாடல்ல.

நம் வீட்டுக் கேசட்டுக்கு அப்படிச் சாவி எதுவும் வேண்டியதில்லை. அதற்கு விரோதி பூஞ்சணம். 2024-இல் ஒரு நாள் அலமாரியை ஒழிக்கும்போது எடுத்துப் பார்த்தேன். நாடாவின் விளிம்பில் வெள்ளைப் பொடி படர்ந்திருந்தது. மதுரையில் இந்த வேலை செய்கிற கடையில் கொடுத்தேன். சுத்தம் செய்து, ஓட்டி, கம்ப்யூட்டரில் ஏற்றி, பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள்.

சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்க்க உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த ஆறு மணி நேரத்தையும் எங்கள் வீட்டில் யாரும் முழுக்கப் பார்த்ததில்லை. முதல் கேசட்டில் திருப்பூட்டு முடிந்ததும் எல்லாரும் எழுந்துவிடுவார்கள். இரண்டாவது கேசட் முழுக்கப் பந்தியும் மொய்யும், யார் பார்ப்பார்கள்?

இரண்டாவது கேசட்டின் கடைசியில், விருந்தாளிகள் போன பிறகு, வளவில் விளக்கணைக்கிற நேரத்தில், அப்பச்சி தூணோரமாய் நிற்கிறார்கள். மேலே துண்டு மட்டும். படம் பிடிக்கிற பக்கம் பார்த்துக் கூச்சத்தோடு பேசுகிறார்கள்: "ஆத்தா, ஈப்போவிலே இருந்து இதைப் பார்க்கிறப்ப உனக்குப் பிள்ளை பிறந்திருக்கும். உங்க ஆத்தாளுக்கு இன்னைக்குப் பூராவும் உன் நெனப்புத்தான். ரெண்டு காப்பி போடச் சொல்லியிருக்கேன். ஒண்ணு உனக்கு. உடம்பைப் பார்த்துக்க." அவ்வளவுதான். பின்னாலிருந்து ஆத்தா குரல், "நான் கேட்டதாச் சொல்லுங்க" என்கிறது. படம் முடிந்துவிடுகிறது.

முப்பத்தெட்டு வருஷம் அந்த வார்த்தை எங்கள் அலமாரியிலேயே இருந்திருக்கிறது.

இந்தத் தடவை ஒரே வழியை நம்பக்கூடாது என்று தீர்மானித்தேன். ஒரு பென் டிரைவை மெத்தென்று சுற்றி, உள்ளே என்ன இருக்கிறதென்று சுங்கப் படிவத்தில் உள்ளபடி எழுதி, விரைவுத் தபாலில் போட்டேன். படத்தை இணையத்தில் ஏற்றி, அதன் இணைப்பை ஆச்சியின் பேரனுக்கு அனுப்பினேன். ஒவ்வொரு பாகமும் 4 ஜி.பி. அளவு, ஏறுவதற்கு ஓர் இரவு பிடித்தது. "முதலில் இரண்டாம் பாகத்தின் கடைசிப் பத்து நிமிஷத்தைப் போட்டுக் காட்டு, அப்பா" என்று அவனிடம் சொன்னேன். டெலிவிஷனில் பெரிதாகப் போட்டுக் காட்டியிருக்கிறான்.

மறுநாள் ஆச்சி கூப்பிட்டாள். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "குளிர்ற நேரத்திலே சட்டை போடாம நிக்கிறாக, பாரு. நீங்கள்லாம் ஒரு சட்டை எடுத்துக் குடுத்தா என்ன?" என்று என்னைக் கோபித்துக்கொண்டாள். அந்தக் கோபத்தைக் கேட்டு நான் அடைந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. பத்து நாள் கழித்துப் பென் டிரைவும் போய்ச் சேர்ந்தது. அதைப் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறாளாம்.

★

இனி உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருவோம். உங்களிடமும் இப்படி ஒரு கேசட் இருக்கும்; பரணில் தேடிப் பாருங்கள்.

பூஞ்சணம் கண்ட கேசட்டை, ஆசையினால் எடுத்தவுடன் கருவியில் போட்டுவிடாதீர்கள். நாடா அறுந்தாலும் அறுந்துவிடும். கருவியில் ஒட்டிய பூஞ்சணம் அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். தெரிந்தவர்களிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். பதிந்து முடிந்தாலும் பழைய கேசட்டை எறிந்துவிட வேண்டாம்.

மின்னஞ்சலோடு இணைத்து அனுப்பலாம் என்று பார்த்தால் 25 எம்.பி.க்கு மேல் ஜிமெயில் ஏற்காது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கித் தெளிவைக் கெடுத்துவிடும். 'டாகுமென்ட்' என்ற வழியில் அனுப்பினால் 2 ஜி.பி. வரை உள்ளது உள்ளபடி போகும். அதற்கும் பெரிதென்றால் கூகிள் டிரைவ் போன்ற இடத்தில் ஏற்றி இணைப்பை அனுப்ப வேண்டும். அங்கே 15 ஜி.பி. வரை இலவசம். யூடியூபில் ஏற்றினால், பட்டியலில் தெரியாதபடி வைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் இணைப்பு கிடைத்தவர் எவரும் பார்க்கலாம் என்பது ஞாபகமிருக்கட்டும். குளியல் தொட்டியில் நிற்கும் குழந்தைப் படங்களுக்கு அது உகந்ததல்ல.

பென் டிரைவில் அனுப்புவதானால் ஒரு சூட்சுமம். பழைய முறையில் தயாரித்த பென் டிரைவ், இடம் இருந்தாலும், 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்றுக்கொள்ளாது. படத்தை இரண்டாகப் பிரித்துப் போட்டால் சரியாகிவிடும்.

இன்னொன்று. இதெல்லாம் நம் வீட்டுப் படத்துக்குத்தான். புதுப் படத்தை யாரோ திருட்டுத்தனமாகப் பிடித்ததை, "அத்தைக்கு அனுப்பு" என்று பரப்புவது வேறு விஷயம். 2023-இல் திருத்திய திரைப்படச் சட்டப்படி, கொட்டகையில் அனுமதியின்றிப் படத்தைப் பதிவு செய்வதற்கும், அந்தப் பிரதியைப் பொதுவில் காட்டுவதற்கும் 3 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை. அபராதம் 3 லட்ச ரூபாய்க்குக் குறையாது. அத்தைக்குப் படம் பார்க்க ஆசையானால் ஒரு மாதச் சந்தாவை அவள் பெயரில் கட்டிவிடுங்கள், கௌரவமாக இருக்கும்.

கடைசியாக, அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இணைப்பு திறந்ததா, ஒலி கேட்டதா, முழுக்கப் பார்த்தார்களா என்று ஒரு வாரத்துக்குள் கேளுங்கள். வரவில்லையென்றால் மறுபடி அனுப்புங்கள். ஒன்றுக்கு மூன்று பிரதியை மூன்று வீட்டில் வைத்திருங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பரணுக்கு ஏணி போடுங்கள். ஏணியைப் பிடித்துக்கொள்ளப் பேரனைக் கூப்பிடுங்கள். அவனுக்கும் கொள்ளுத் தாத்தாவின் குரல் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டாமா?